பதினோரு பேர் வேணும்

டெல்டாவுல ஃபுட்பாலான்னு டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க கேக்கறாங்க. கேக்க வேண்டியதுதான். மன்னார்குடி பக்கம் விளையாட்டுன்னா முதல்ல நினைப்புக்கு வர்றது வடுவூர் கபடி. கிரிக்கெட் எல்லா ஊர்லயும் இருக்கு. இதுக்கு நடுவுல எங்க ஊர் டீம் முப்பது வருசத்துக்கு மேல ஃபுட்பால் ஆடிக்கிட்டிருக்கு. ஆரம்பிச்சு வெச்சது பக்கத்து ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்தவர். நானும் பத்து வருசம் பேக் ஆடினவன்தான். இப்ப முட்டி ஒத்துழைக்கல. கோடு போடறதும் தண்ணி பாய்ச்சறதும் என் பொறுப்பு, ஏன்னா மைதானத்தை ஒட்டி இருக்கற போர் என்னுது.

மைதானம்னு சொல்றது பாமணி ஆத்தங்கரை ஓரமா இருக்கற ஊர்ப்பொதுத் திடல். அளவு ஒண்ணரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. எங்க கணக்குல மூணு மா ஒரு ஏக்கர், அப்படிப் பாத்தா அஞ்சு மாவுக்குக் கிட்டத்தட்ட வரும். களிமண்ணு. வெயில் ஏறினா பாளம் பாளமா வெடிக்கும், கால் உள்ள போனா கணுக்கால் போச்சு. அதனால மேட்ச்சுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தண்ணி விட்டு, லேசா காஞ்சதும் டிராக்டர்ல உருளை கட்டி ஓட்டுவோம். நேர்க்கோடு போடறதுக்கு நடவுக் கயிறு. நாத்து வரிசையா வரணும்னு புடிக்கற அதே கயிறுதான், அது ஓரமா சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கிட்டே போவேன். கோல் போஸ்ட் முன்னாடி சவுக்குக் கம்பு. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அடிச்சப்ப தென்னையோட சேர்ந்து அதுவும் போச்சு. அப்புறம் எல்லாத் தெருவுலயும் வசூல் பண்ணி இரும்புக் குழாய்ல அடிச்சு நட்டோம். வலை மல்லிப்பட்டினத்துல வாங்கின பழைய மீன்வலை.

சீசனை எங்களுக்கு வகுத்துக் குடுக்கறது நெல்லும் தண்ணியும்தான். ஆவணிக்கு மேல சம்பா வேலை, ஐப்பசி கார்த்திகைல மழை, திடல்ல முழங்கால் தண்ணி நிக்கும். தை அறுப்பு முடிஞ்சு மாசி பொறந்தாதான் பந்தை வெளில எடுக்க முடியும். ஜூன் 12-ல மேட்டூர் திறந்துட்டாங்கன்னா ஆளுங்க குறுவைக்கு நாத்தங்கால் போடப் போயிருவாங்க. ஆக, மாசில இருந்து வைகாசி வரைக்கும்தான் எங்க காலம். சுத்துப்பட்டுல எட்டு ஊர் சேர்ந்து பேசி வெச்சிருக்கோம்: ஒவ்வொரு ஊரோடயும் ரெண்டு ஆட்டம், ஒண்ணு அவங்க ஊர்ல, ஒண்ணு நம்ம ஊர்ல. மொத்தம் பதினாலு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, அந்தப் பக்கம் முப்பத்தஞ்சு நிமிசம், இந்தப் பக்கம் முப்பத்தஞ்சு நிமிசம். வெளிச்சம் அவ்வளவுதான் தாங்கும்.

இந்த வருசம் சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஊர்ல ஒரு பேச்சு கிளம்புச்சு. இனிமே பதினோரு பேர் ஆட்டம் வேணாம், ஃபைவ்ஸுக்குப் போயிடலாம்னு. இப்ப எங்க பாத்தாலும் "மாபெரும் ஐவர் கால்பந்துத் தொடர்"னு ஃப்ளெக்ஸ் தொங்குது. ஒரே நாள்ல முடிஞ்சிடும், பரிசுப் பணம் கையில வரும், சின்ன இடம் போதும். உங்க ஊர்ல மணிக்கணக்குக்கு வாடகை குடுத்து டர்ஃப்ல ஆடறதும் கிட்டத்தட்ட அதுதானே. அதைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. சொன்னவங்க காரணமும் நியாயமாதான் இருந்துச்சு: "அண்ணே, பதினோரு பேர் எங்கண்ணே இருக்காங்க? பாதி பேர் திருப்பூர்ல, மீதி பேர் சென்னைல."

கூட்டம் போட்டுப் பேசினோம். அப்பதான் ஒருத்தர் எந்திரிச்சு, ஃபைவ்ஸ்னா ஜெர்சி, பூட்டு எல்லாம் நானே எடுத்துத் தர்றேன்னாரு. கை தட்டுனாங்க. அடுத்த வார்த்தையா, "எங்க தெரு டீமுக்கு"ன்னாரு.

எனக்கு விஷயம் அங்கதான் உறைச்சுது. எங்க டீம் பதினோரு பேரை எண்ணிப் பாருங்க. காலனில நாலு பேர், மேலத்தெருவுல மூணு பேர், நடுத்தெருவுல ரெண்டு, பள்ளிவாசல் தெருவுல ரெண்டு. எந்தத் தெருவும் தனியா பதினோரு பேரைத் தேத்த முடியாது. ஆனா அஞ்சு பேரை எல்லாத் தெருவும் தேத்திடும். பெரியவங்க ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டா ஆச்சு. ஃபைவ்ஸ்னு முடிவு பண்ண மறுநாள் ஊருக்கு நாலு டீம் இருக்கும், நாலுக்கும் தெருப்பேருதான் இருக்கும். நம்ம ஊர்ல தேர் எந்தத் தெருவுல திரும்பும், எந்தத் தெருவுல திரும்பாதுன்னு இன்னிக்கும் கணக்கு இருக்கு. சுடுகாடும் ரெண்டு இருக்கு. முப்பது வருசமா எல்லாத் தெருவும் ஒரே சட்டை போட்டு நிக்கற ஒரே இடம் இந்தத் திடல்தான். அது யாரோட நல்ல மனசாலயும் நடக்கல, பதினோரு பேர் வேணும்கிற கட்டாயத்தால நடந்துச்சு.

இதைக் கூட்டத்துல இவ்வளவு நீளமா நான் பேசல. "இந்த ஒரு சீசன் பாப்போம். ஆள் சேரலன்னா அப்புறம் உங்க இஷ்டம்"னு மட்டும் சொன்னேன். சரின்னாங்க.

ஆள் சேர்க்கறதுன்னா என்னன்னு சொல்றேன். லெஃப்ட்ல ஆடற பையன் காலனி, திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு செம்மொழி எக்ஸ்பிரஸ் புடிச்சு ஞாயித்துக்கிழமை காலைல மன்னார்குடில இறங்குவான். அம்மா கையால சாப்டுட்டு, தூங்கி எந்திரிச்சு, மேட்ச் ஆடிட்டு, ராத்திரி அதே வண்டில திரும்பிடுவான். நடு பேக் ஆடறவர் நெல் கொள்முதல் நிலையத்துல லோடுமேன். நாப்பது கிலோ மூட்டையை நாள் பூரா தூக்கறவரை எதிர் டீம் ஃபார்வர்டு தோளால தள்ளிப் பாக்கறதைப் பாக்கவே தமாஷா இருக்கும். ஆனா மாசி மாசம் கொள்முதல் உச்சத்துல இருக்கறப்ப அவருக்கு ஞாயிறு ஏது. நடுக்களத்துல ஆடற மேலத்தெருத் தம்பி அறுப்பு மிஷின் ஓட்டறவன். இங்க சம்பா முடிஞ்சதும் மிஷினோட வடக்கே போயிடுவான். சித்திரைல திருவண்ணாமலை பக்கம் நவரை அறுப்பு இருக்கும். கோல்கீப்பர் மன்னார்குடில காலேஜ் படிக்கற நடுத்தெருப் பையன். அவன் ஒருத்தன்தான் கூப்பிட்ட குரலுக்கு வர்றவன், செமஸ்டர் பரிட்சை இல்லாத வரைக்கும்.

இப்படியே எட்டு ஆட்டம் ஓட்டிட்டோம். நாலு ஜெயிச்சோம், ஒண்ணு டிரா, மூணு தோல்வி. மூணுல ரெண்டு தோல்வி நேர்மையானது, அவங்க நம்மள விட நல்லா ஆடினாங்க. மூணாவதைத்தான் மறக்க முடியல. பங்குனி கடைசி. நெல்லு நிக்கறப்பவே உள்ள விதைச்ச உளுந்து எழுவது நாள் தாண்டி, செடியைப் புடுங்கி வயல்ல போட்டிருந்த நேரம். மத்தியானம் திடீர்னு வானம் இருட்டிக்கிட்டு வந்துருச்சு. நனைஞ்ச உளுந்து காய்க்குள்ளயே முளைச்சிடும், வருசத்துக்கே அந்தக் காசுதான் கையில மிஞ்சறது. யாரை மேட்ச்சுக்கு வான்னு கூப்பிடறது? எல்லாரும் தார்ப்பாயை எடுத்துக்கிட்டு வயலுக்கு ஓடினோம். வெளியூர் ஆட்டம், எட்டு பேர்தான் வண்டி ஏறினாங்க. ஏழு பேர் இருந்தா ஆட்டத்தை ஆரம்பிக்கலாம்னு ஃபுட்பால் சட்டம் சொல்லுது. ஆரம்பிச்சாங்க, அஞ்சு கோல் வாங்கிட்டு வந்தாங்க. அன்னிக்கு மழையும் நாலு தூறலோட போயிடுச்சு. மறுநாள் டீக்கடைல, "பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம்"னு ஃபைவ்ஸ்காரங்க ஆரம்பிச்சுட்டாங்க.

அதனாலதான் சித்திரை பொறந்து நம்ம திடல்ல நடந்த ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டம். எதிர்ல தோக்காத டீம்: ஆறு வெற்றி, ரெண்டு டிரா, பட்டியல்ல முதல் இடம். ஆனா கூட்டம் அதுக்காக வரல. எத்தனை பேர் இறங்கறாங்கன்னு எண்ணறதுக்கு வந்துச்சு.

நாலரைக்குப் பத்து பேர் நின்னாங்க. மிஷின் ஓட்டற தம்பி மட்டும் வரல. விடியக்காலையே கிளம்பிட்டேன்னு போன்ல சொன்னவன், அப்புறம் எடுக்கவே இல்ல. கோட்டுக்கு வெளில நின்னவங்க சத்தமாவே எண்ணினாங்க: "பத்து." ரெஃப்ரி விசில் அடிச்சாரு. பத்தாவது நிமிசம், நம்ம நடுக்களத்துல இருந்த ஓட்டை வழியாவே பந்து வந்து கோல் ஆச்சு. அதுக்கப்புறம் லோடுமேன் ஒருத்தர்தான் தடுப்புச்சுவர். ரெண்டு தடவை கோல்கீப்பர் பையன் விழுந்து புடிச்சான், முழங்கை பூரா களிமண்ணு சிராய்ப்பு.

இருபத்தஞ்சாவது நிமிசம் இருக்கும். கரை மேல ஒரு பைக் வந்து நின்னுச்சு. தலைல, புருவத்துல எல்லாம் வைக்கோல் தூசி. ராத்திரி பூரா அறுத்துட்டு அப்படியே கிளம்பி வந்திருக்கான். பூட்டு மாட்டிக்கிட்டே, "மாமா, ஸ்கோர் என்ன?"ன்னான். கூட்டத்துல யாரோ "பதினொண்ணு!"ன்னு கத்தினாங்க. கோல் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

ஹாஃப் டைம்ல ஒரே தண்ணிக் கேன், ஒரே டம்ளர். இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நான் ஆடின காலத்துல இதே வேப்பமரத்தடில ரெண்டு பானை இருக்கும். யாரு எந்தப் பானைன்னு யாரும் வாய் திறந்து சொன்னதில்ல, எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் ஒரு பானை உடைஞ்சுது. புதுசு யாரும் வாங்கி வெக்கல. பி.டி. வாத்தியார் மீதி இருந்த பானைல முதல் ஆளா மொண்டு குடிச்சாரு. அவ்வளவுதான் நடந்துச்சு.

செகண்ட் ஹாஃப்ல ஆட்டம் சமமாச்சு. முடியறதுக்கு ஆறேழு நிமிசம் இருக்கறப்ப மேலத்தெருத் தம்பி நடுவுல இருந்து நீட்டி ஒரு பந்து குடுத்தான். திருப்பூர்ப் பையன் ஓரமா ஓடி, ஒருத்தரை ஏமாத்திட்டு இடது கால்ல அடிச்சான். கம்பில பட்டு உள்ள போச்சு, மீன்வலை குலுங்குச்சு. ஒண்ணுக்கு ஒண்ணு. என் பக்கத்துல மேலத்தெருப் பெரியவர் ஒருத்தர், எண்பது வயசு இருக்கும், கைத்தடியைத் தூக்கிக்கிட்டு "நம்ம புள்ளடா!"ன்னு கத்தினாரு. அந்தப் பையனோட அப்பாவை அவர் வீட்டுக் கொல்லைப்பக்கம் நிக்க வெச்சுக் கூலி குடுத்ததை நான் பாத்திருக்கேன்.

ஒரு கோல்ல எல்லாம் மாறிடுச்சுன்னு நான் எழுதமாட்டேன். ஆட்டம் முடிஞ்சு அந்தப் பையன் காலனிக்குப் போற வழியாத்தான் போனான், பெரியவர் மேலத்தெருவுக்குப் போனாரு. வர்ற வைகாசில தேர் எப்பவும் திரும்பற இடத்துலதான் திரும்பும். ஆனா "நம்ம புள்ள"ங்கற வார்த்தையை அந்த வாய் சொல்றதுக்கு இந்த ஊர்ல இந்த ஒரு இடம்தான் இருக்கு. தெருவுக்கு ஒரு டீம் வந்துட்டா "நம்ம புள்ள"ங்கறதுக்கு அர்த்தம் அந்தத் தெருவோட முடிஞ்சிடும்.

இப்ப ஒன்பது ஆட்டத்துல பதினாலு பாயிண்ட், நாலாவது இடம். இன்னும் அஞ்சு ஆட்டம் பாக்கி. கோப்பை கிடைக்காது, அந்தக் கணக்கை எப்பவோ விட்டாச்சு. அஞ்சு ஞாயித்துக்கிழமை, அஞ்சு தடவையும் பதினோரு பேர் இறங்கிட்டா அடுத்த மாசிலயும் நடவுக் கயிறைப் புடிப்பேன். அடுத்தது வெளியூர் ஆட்டம், டாட்டா ஏஸ் பேசியாச்சு. உளுந்தெல்லாம் தட்டி மூட்டை கட்டியாச்சு, அதனால மழை வந்தாலும் கவலையில்ல.

இந்தப் பக்கம் சொந்த ஊர் இருக்கறவங்க கோடை லீவுக்கு வருவீங்க. வர்றப்ப பூட்டையும் பைல போட்டுக்கங்க. எங்க ரைட் பேக்குக்கு வைகாசில கல்யாணம். அந்த ஞாயித்துக்கிழமைக்கு ஒரு ஆள் குறையுது.