கேட்கும் ஒழுக்கம்

தமிழ் முஸ்லிம்களின் இலக்கியக் கருவூலத்தில் முழுமையாக நம் கைக்குக் கிடைத்துள்ள நூல்களுள் காலத்தால் முற்பட்டது 'ஆயிரம் மசலா'. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய இந்நூல் கி.பி. 1572-இல் மதுரையில் அரங்கேறியது. மஸ்அலா என்னும் அரபுச் சொல்லுக்குக் கேள்வி என்பது பொருள். யூதர்களின் பேரறிஞராக விளங்கிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுன் வந்து தொடுத்த வினாக்களும், பெருமானார் அருளிய விடைகளுமாக அந்நூல் அமைந்துள்ளது. பின்னர் 'நூறு மசலா', 'வெள்ளாட்டி மசலா' என இவ்வகை நூல்கள் பலவும் எழுந்தன. நமது இலக்கியம் கேள்வியோடு கண் விழித்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இத்தகைய மரபில் வந்த நாம், விடை சொல்லும் திறத்தைப் போற்றிய அளவுக்குக் கேட்கும் ஒழுக்கத்தைப் போற்றினோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. இங்கே நாம் குறிப்பது மார்க்கத் தீர்ப்புக் கேட்பதை அன்று. கதை எழுதுவோர், ஊர் வரலாறு எழுதுவோர், பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் ஆகியோர் தமக்கு வேண்டிய விவரங்களை அறிந்தவரிடம் சென்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியைப் பற்றியே சொல்கிறோம். எழுதுவோன் எல்லாம் அறிந்தவன் அல்லன். கடலைப் பற்றி எழுத வேண்டுமானால் கடலோடியிடம் கேட்டாக வேண்டும். தறியைப் பற்றி எழுத வேண்டுமானால் நெய்வோரிடம் போயாக வேண்டும். அறியாதவர்கள் அறிந்தோரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று திருமறையே பணிக்கின்றது. ஆகவே கேட்பதில் இழிவில்லை. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடற்கரை ஊர்களின் பழைமையைப் பற்றிச் சில கட்டுரைகள் எழுதிய காரணத்தால் நம்மிடமும் விவரம் கேட்போர் உண்டு. முன்பு அஞ்சலட்டையில் வந்தது இப்போது கைபேசியில் வருகிறது, வேற்றுமை அவ்வளவே. "வள்ளல் சீதக்காதியைப் பற்றிய எல்லா விவரங்களும் வேண்டும், நாளை மறுநாளுக்குள் அனுப்பி உதவுக" என்று எழுதுகிறார் ஓர் அன்பர். எல்லா விவரங்களும் என்றால் எவை? அவர் இதுவரை எதைப் படித்தார்? எதற்காகக் கேட்கிறார்? ஒன்றும் தெரியவில்லை. 'சீறாப்புராணத்தில் எத்தனை காண்டங்கள்?' என்று கேட்கிறார் மற்றொருவர். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்கள், 5,027 பாடல்கள் என்பதை எந்த நூலகத்திலும் நூலைப் பிரித்த மாத்திரத்தில் அறியலாம்; இணையத்திலும் படிக்கலாம். ஏட்டில் உள்ளதை ஏட்டில் தேடாமல் மனிதனிடம் கேட்பது, ஊற்று அருகே இருக்க அயல்வீட்டுக் குடத்தில் நீர் முகப்பதைப் போன்றது.

இவற்றோடு வேறொரு கேள்வியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1950-ஐ ஒட்டிய காயல்பட்டினத்தைக் களமாக வைத்து நெடுங்கதை எழுதிக்கொண்டிருந்த ஒரு சகோதரி நமக்கு எழுதினார். "மணமானபின் மாப்பிள்ளை பெண்வீட்டிலேயே வந்து வாழ்வது அவ்வூர் வழக்கம் என்று படித்தறிந்தேன். ஆனால் பகலுணவை அவர் மனைவி வீட்டில் உண்பாரா, தாய்வீடு சென்று உண்பாரா என்பது நான் பார்த்த நூல்களில் இல்லை. என் கதையில் தாய்க்கும் மகனுக்கும் இடையே நிகழும் ஓர் உரையாடல் இதைப் பொறுத்திருக்கிறது. தாங்கள் அறிந்திருந்தால், அல்லது அறிந்தவரைக் காட்டினால் நன்றியுடையேன். அவசரமில்லை" என்பது அக்கடிதத்தின் சாரம். நமக்கு விடை தெரியாது. ஆயினும் அக்கேள்வி நம்மை உட்கார விடவில்லை. அவ்வூர் முதியவர் ஒருவரைத் தேடிச் சென்று கேட்டோம். "அது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் தம்பி, எங்க வாப்பா பகலெல்லாம் அவங்க உம்மா வீட்டிலேதான்" என்று தொடங்கி, இரண்டு மணி நேரம் தம் இளமைக் காலத்தையே நம்முன் விரித்து வைத்தார் அவர். அந்தச் சகோதரியின் நான்கு வரிகள் நமக்கும் ஒரு செல்வத்தைத் தேடித் தந்தன.

அக்கடிதத்தில் அப்படி என்ன இருந்தது? கேட்பவர் தம் பங்குக்கு உழைத்திருந்தார். எது தெரியும், எது தெரியாது என்று எல்லை கட்டியிருந்தார். எதற்காகக் கேட்கிறார் என்பதை மறைக்கவில்லை. தெரியாது என்று சொல்லும் உரிமையை நமக்கு விட்டு வைத்திருந்தார். காலக்கெடு என்னும் கயிற்றை நம் கழுத்தில் மாட்டவில்லை. கேட்கும் ஒழுக்கம் என்பதில் பெரும்பகுதி இவ்வளவே.

இது புதிதாக யாரும் கண்டுபிடித்த நெறியன்று. நம் முன்னோர் வாழ்ந்து காட்டியது. வானவர் தலைவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித வடிவில் வந்து பெருமானாரிடம் வினவிய நிகழ்ச்சியை அறியாதவர் நம்மில் குறைவு. தூய வெண்ணிற உடையுடன் வந்தார்; முழங்காலோடு முழங்கால் பொருந்த அடக்கமாக அமர்ந்தார்; இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் என ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு விடை முடிந்தபின் மறு கேள்வியாகக் கேட்டார். இறுதி நாளைப் பற்றிக் கேட்டபோது, கேட்பவரைவிடத் தாம் அதிகம் அறிந்தவரல்லர் என்று பெருமானார் மறுமொழி பகர்ந்தார்கள். வந்தவர் அதை மறுத்து வற்புறுத்தவில்லை. அதன் அடையாளங்களையேனும் அறியலாமா என்று அடுத்த கேள்விக்குச் சென்றார். அந்த ஒரு சந்திப்பிலேயே கேட்பவருக்கும் பாடம் இருக்கிறது, சொல்பவருக்கும் பாடம் இருக்கிறது.

பெருமானார் மறைந்தபின், இளைஞராயிருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் மூத்த தோழர்களைத் தேடித் தேடி நபிமொழிகளைக் கேட்டறிந்தார்கள். அன்ஸாரித் தோழர் ஒருவரின் வீட்டுக்குச் செல்வார்கள். அவர் நண்பகலில் உறங்கிக்கொண்டிருப்பார். கதவைத் தட்டி எழுப்பாமல், மேலாடையை மடித்து வைத்து வாயிலிலேயே படுத்திருப்பார்கள். காற்று புழுதியை வாரி முகத்தில் இறைக்கும். வெளியே வந்த தோழர் பதறிப்போய், 'பெருமானாரின் சிற்றப்பா மகனே, ஆள் அனுப்பியிருந்தால் நானே வந்திருப்பேனே' என்னும் கருத்துப்படச் சொன்னால், தேடி வரவேண்டியவர் தாமே என்று விடையிறுப்பார்கள். உறவின் உயர்வால் யாரையும் அழைத்துக் கேட்கக்கூடியவர் அவர். ஆயினும் அறிவின் வாயிலில் புழுதி படுத்துக் கிடந்தார். இன்றோ நள்ளிரவில் செய்தி அனுப்பிவிட்டு, விடியுமுன்னே 'ஏன் பதில் இல்லை?' என்று மறுசெய்தி அனுப்புகிறோம்.

ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களோ, ஒரே ஒரு நபிமொழியை அதனை நேரில் கேட்டவரின் வாயாலேயே கேட்க வேண்டும் என்பதற்காக ஓர் ஒட்டகத்தை விலைக்கு வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் நாட்டிலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்றார்கள். கேட்பவர் செலவிட வேண்டியதைத் தாமே செலவிட்டார். சொல்பவர் மீது சுமத்தவில்லை. எழுத்தாளனும் தன் உழைப்பில் ஒரு மாதத்தைக் கழித்தபின் அறிந்தவரிடம் ஒரு நாழிகை கேட்பானாயின், அந்த ஒரு நாழிகை மறுக்கப்படுவதில்லை.

நம் தமிழகத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உமறுப்புலவர் எட்டயபுரத்து அரசவைப் புலவர். தமிழில் கரை கண்டவர். ஆனால் பெருமானாரின் வரலாற்றைப் பாடுவதற்கு வேண்டிய செய்திகளோ அரபு மூலங்களில் இருந்தன. சீதக்காதி வள்ளலின் தூண்டுதலால் அவர் கீழக்கரை சென்று மாமேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை அணுகினார் என்றும், புலவரின் கோலத்தைக் கண்ட அப்பா அவர்கள் முதலில் மறுத்துவிட்டார்கள் என்றும் வழிவழியாகச் செய்தி வழங்குகிறது. புலவர் சினந்து ஊர் திரும்பவில்லை. தம் உள்ளத்தின் உருக்கத்தை 'முதுமொழி மாலை'யாகப் பாடிக் காத்திருந்தார். பின்னர் கனவின் வாயிலாக அனுமதி கிட்ட, பரங்கிப்பேட்டையிலிருந்த ஆலிம் ஒருவரிடம் அனுப்பப்பட்டு வேண்டிய விவரங்களைப் பெற்றார் என்பர். சீதக்காதி மறைந்தபின் காவியம் தொடரத் துணை நின்ற அபுல் காசிம் மரைக்காயரை நூலினுள்ளேயே நன்றியோடு போற்றிப் பாடினார்.

இவ்வரலாற்றில் கனவை நம்புவோர் நம்பலாம், அல்லாதார் விட்டுவிடலாம். ஆனால் ஒன்றை யாரும் மறுக்க இயலாது. அரசவையில் வீற்றிருந்த புலவர், தமக்குத் தெரியாதது இன்னது என்று அறிந்து, அதைத் தெரிந்தவரின் வாயிலுக்குச் சென்றார். மறுப்பைப் பொறுத்தார். பெற்ற உதவியை மறைக்கவில்லை. அந்த மறுப்பில் அவர் மனம் கசந்து திரும்பியிருந்தால் நமக்குச் சீறா இல்லை!

கேட்டுப் பெற்றபின் என்ன செய்கிறோம் என்பதும் இவ்வொழுக்கத்தில் அடங்கும். இதிலேதான் நம்மிடையே பெருங்குறை இருக்கிறது. கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு மூதாட்டி இருந்தார். அரபுத் தமிழ் ஏடுகளைத் தங்குதடையின்றி வாசிப்பவர். அவருடைய மரப்பெட்டியில் மாலைகளும், முனாஜாத்துகளும், கிஸ்ஸாக்களுமாகக் கையெழுத்துப் படிகள் பல இருப்பதாகக் கேள்வியுற்று நாம் சென்றோம். அன்போடு உபசரித்தார், தேநீர் தந்தார், பெட்டியை மட்டும் திறக்கவில்லை. காரணம் கேட்டபோது, "கொண்டு போன புள்ளே திருப்பித் தரல்லே வாப்பா. அது எங்க உம்மா கையாலே எழுதினது. இனி யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றார். யாரோ ஒருவர் ஆராய்ச்சிக்கென்று வாங்கிப் போயிருக்கிறார். ஒரு வாரம் என்றவர் பல ஆண்டுகளாகியும் வரவில்லை. மூதாட்டி மறைந்தபின் பெட்டியைத் திறந்தார்கள், கரையான் முந்திக்கொண்டிருந்தது. எஞ்சியவற்றில் எழுத்தும் ஒட்டவில்லை.

ஒரு மனிதர் ஒரு படியைத் திருப்பித் தராததால், அதற்குப்பின் வந்த அத்தனை பேருக்கும் ஒரு பெட்டி மூடிக்கொண்டது. பின்னர் அப்பெட்டியே இல்லாமற் போயிற்று. கேட்பவர் தமக்காக மட்டும் கேட்பதில்லை. அடுத்து வருபவருக்காகவும் அவர் அக்கதவைத் திறக்கிறார், அல்லது அடைத்துவிடுகிறார். ஏடு வாங்கினால் ஏட்டைத் திருப்பித் தருவது மட்டுமன்று. விவரம் வாங்கினால் அவ்விவரம் என்னவாயிற்று என்று தெரிவிப்பதும் கடன். கட்டுரை வெளிவந்ததும் ஒரு படி அனுப்புவதற்கு என்ன செலவு? எழுத்துத் தெரியாத முதியவராயின் நேரில் சென்று அவர் பெயர் இடம்பெற்ற பக்கத்தைப் படித்துக் காட்டினால் அவர் முகத்தில் காணும் ஒளிக்கு ஈடு ஏது? பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டால் அதுவும் அமானிதமே.

துயருற்றோரிடம் கேட்கும்போது இவ்வொழுக்கம் இன்னும் நுண்மையாகிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போயிற்று. கதைக்கும் கட்டுரைக்கும் செய்தி தேடிப் பலர் அக்கரைக்குச் சென்றனர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், 'அந்த நேரத்தில் உங்கள் மனம் எப்படி இருந்தது?' என்று கேட்பது கேள்வியா? புண்ணைக் கீறிப் பார்க்கும் செயலன்றோ! அவள் சொல்ல விரும்பினால் கேட்கலாம். அழுதால் ஏட்டை மூடிவிட்டு உடன் அமர்ந்திருக்கலாம். பிள்ளையின் பெயர் என்ன, அவனுக்கு எது பிடிக்கும் என்று அவளே பேச இடம் கொடுக்கலாம். நம் கதைக்கு அவ்விவரம் கிட்டாமற் போனால் கதை சற்றுக் குறைபடும், அவ்வளவுதானே? ஒரு தாயின் கண்ணீரைவிட நம் கதை பெரிதன்று.

விடை சொல்வோருக்கும் ஒரு கடமை உண்டு. மதீனாவின் பேரிமாமாகிய மாலிக் (ரஹ்) அவர்களிடம் நெடுந்தொலைவு பயணம் செய்து வந்த ஒருவர் கேள்வி கேட்க, இமாமவர்கள் தமக்குத் தெரியாது என்று கூறிவிட்டார்கள். அனுப்பியவர்களுக்கு என்ன சொல்வது என்று அவர் திகைத்தபோது, மாலிக்குக்குத் தெரியாதாம் என்று சொல்லுமாறு அனுப்பினார்கள். அத்தகைய பேரறிஞரே அவ்வாறு சொல்லக் கூசவில்லையெனில், நாம் ஏன் ஊகத்தை உண்மை போல எடுத்துரைக்க வேண்டும்? நாம் இன்று வாய்க்கு வந்ததைச் சொன்னால் அது நாளை ஒருவரின் நூலில் ஏறும். அடுத்த தலைமுறை அதையே சான்றாகக் காட்டும். எளிய கேள்வி கேட்ட இளைஞரை ஏளனம் செய்வதும் ஆகாது. இன்று கேட்கத் தெரியாமல் கேட்பவர் நாளை நன்றாகக் கேட்கக் கற்றுக்கொள்வார். ஏளனத்தால் கூசிப்போனவரோ இனி எவரிடமும் கேட்காமல் தம் கற்பனையையே வரலாறாக எழுதிவிடுவார்.

நம் ஊர்களில் இன்னும் திறவாத பெட்டிகள் பல இருக்கின்றன. மரப்பெட்டிகளைச் சொல்லவில்லை, பழம்பாடல்களையும், கடல்வழிச் செய்திகளையும், வழக்கொழிந்த சொற்களையும் நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கும் முதியோரைச் சொல்கிறோம். ஆண்டுதோறும் அவர்களுள் சிலர் நம்மைப் பிரிந்து போகிறார்கள். எழுதுகோல் ஏந்திய இளைஞர்களே, அவர்களிடம் செல்லுங்கள். செல்லுமுன் படியுங்கள். அருகே அமர்ந்து, அடக்கமாக, ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள். 'தெரியாது' என்றால் நன்றி கூறி எழுங்கள். பெற்றதைப் பேணுங்கள், பெற்ற இடத்தை மறவாதீர்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் அதே வாயிலில் நின்று ஸலாம் கூறும்போது, உங்கள் பெயரைக் கேட்டவுடன் அக்கதவு அகலத் திறக்க வேண்டும்.

அத்தகைய நல்லொழுக்கத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!