சீட்டுக் காசில் ஒரு குசினி

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் குசினி தனியாகவே இருக்கும். பெரிய வீட்டுக்குப் பின்னால், கிணற்றடிக்குப் போகும் வழியில், புகைக்கூடு வைத்துக் கட்டியிருப்பார்கள். புகையும் சாம்பலும் வீட்டுக்கு வெளியே. அவற்றோடு பெண்களும் வெளியேதான்.

போருக்குப் பின் வந்த வீட்டுத்திட்டங்கள் குசினியை வீட்டுக்குள் கொண்டு வந்தன. 2012 முதல் வடக்கிலும் கிழக்கிலும் நடைமுறைக்கு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாகக் கிடைத்தது. கிளிநொச்சியில் எங்கள் வீடும் அப்படிக் கட்டியதுதான். கூரையோடு காசு முடிந்துவிட்டது. வரைபடத்தில் குசினி என்று இருந்த அறைக்கு நிலமும் இல்லை, பூச்சும் இல்லை. உள்ளே விறகு மூட்டினால் புகை சாமியறை வரைக்கும் போகும். அதனால் அம்மா பின்பக்கம் நாலு தடி நட்டு, தகரம் போட்டு அங்கே சமைத்தார். குசினி அறையில் நெல் மூட்டையும் சைக்கிளும் குடியிருந்தன. வேலை நிமித்தம் நான் போய்வரும் வீடுகள் பலவற்றிலும் இதே நிலைமைதான். வரைபடம் கீறியவர்கள் விறகில் சமைப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இடையில் சில காலம் காஸ் அடுப்பு எங்களைக் காப்பாற்றியது. 2021 ஒக்ரோபரில் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாவிலிருந்து 2,750 ஆனது. 2022 ஏப்ரலில் 4,860 ஆனது, அதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அம்மா பேசாமல் தகரக் கொட்டிலுக்கே திரும்பிப் போனார். அந்த மாரியில் தொடங்கிய இருமல் பிறகு நிற்கவேயில்லை. கிளினிக்கில் டொக்டர் மருந்து எழுதிவிட்டு, “புகை படாமல் பாருங்கோ” என்றார். அதற்கு மருந்துக் கடையில் என்ன இருக்கிறது?

கடன் எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தேன். ஒரு நுண்கடனைக் கட்ட இன்னொரு நுண்கடன் எடுத்த பெண்களின் முற்றங்களில் இருந்து அவர்கள் அழுவதைக் கேட்டவள் நான். சீட்டு விழுந்த 45,000 ரூபா கையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் மேசனின் நாட்கூலியோ நாலாயிரத்தை எட்டியிருந்தது. பத்து நாள் வேலைக்கு வைத்தால் சீமெந்து வாங்கவே காசு மிஞ்சாது.

பக்கத்து வளவு அக்கா, பெண்களுக்கான மேசன் பயிற்சியில் படித்தவர். பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடாததால் கரண்டியை மூலையில் வைத்திருந்தார். “நீ குழைச்சுத் தா தங்கச்சி, நான் பூசித்தாறன்” என்றார். அவருக்கும் கூலி கொடுத்தேன், கணக்கில் அதுவும் இருக்கிறது. பெண் செய்தால் உதவி, ஆண் செய்தால் வேலை என்ற கணக்கு எனக்கு ஒத்துவராது. அம்மாவுக்குத்தான் கவலை. “சனம் என்ன சொல்லும்?” என்று படலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவருக்கு ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு அரித்த மணல். நிலத்துக்கு ஒன்றுக்கு மூன்று. பூசுமுன் சுவரை நன்றாக நனைக்க வேண்டும். பூசிய பின் ஒரு கிழமை தண்ணீர் தெளித்து ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். இந்தத் தண்ணீர்ச் செலவைச் சோம்பினால் பூச்சு வெடிக்கும். சீமெந்து கையை அரிக்கும், றபர் கையுறை அவசியம். நிலத்துக்கு ரைல்ஸ் போடவில்லை. ஈரத்திலேயே சீமெந்துத் தூள் தூவி அக்கா மினுக்கி எடுத்தார். பாத்திரம் கழுவும் இடத்துச் சுவருக்கு மட்டும் கடையில் கழித்த உடைந்த ரைல்ஸ் துண்டுகள்.

மேடையின் உயரத்தில்தான் நான் விடாப்பிடியாக நின்றேன். எல்லோரும் மூன்றடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அம்மா ஐந்தடிகூட இல்லை. அவரை நிறுத்தி முழங்கையை மடிக்கச் சொல்லி, அதற்கு ஐந்து அங்குலம் கீழே கரியால் கோடு போட்டோம். வெட்டும் மேடை 32 அங்குலம். காஸ் அடுப்பு தானே சில அங்குலம் உயரம் என்பதால் அது வைக்கும் பகுதி 28. மேடை கட்டியவை, வீடு கட்டி மிஞ்சிப் பாசி பிடித்துக் கிடந்த கற்கள்.

விறகுக்கு அனகி அடுப்பு வாங்கினேன். ஒரே நெருப்பில் இரண்டு பானை வேகும் மண் அடுப்பு அது. அதை அப்படியே வைத்து எரித்தால் சீக்கிரம் வெடித்துவிடும். புற்றுமண்ணும் மணலும் குழைத்துச் சுற்றிலும் தடிப்பாக அணைத்து, நிழலில் ஆறவிட்டு மூட்ட வேண்டும். விறகு குறையும், ஆனால் அதற்குப் புகைக்கூடு கிடையாது. ஆகவே மேலே கவிழ்த்த பெட்டிபோல் தகரம் வளைத்து, கூரைக்கு மேல் குழாய் விட்டோம். செலவில் பெரியது அதுதான், 9,500 ரூபா. சுவரின் உச்சியில் இரண்டு கல் எடுத்துப் பூக்கல் வைத்தோம். அதேபோல் நிலத்தோடும் ஒன்று. காஸ் கசிந்தால் அது காற்றைவிடப் பாரமானதால் கீழேதான் தங்கும். சிலிண்டரைக் கதவு போட்ட அலுமாரிக்குள் பூட்டி வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

பதினாறு நாள் சென்றது. மொத்தம் 43,850 ரூபா. அலுமாரிக்குக் கதவு இல்லை, பழைய சேலையில் திரை தொங்குகிறது. அம்மாவின் இருமல் முற்றாகப் போகவில்லை, ஆனால் இரவில் எழும்பி இருந்து இருமுவது குறைந்திருக்கிறது. அக்காவை அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டார் பூச்சு வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். தகரக் கொட்டிலைக் கழற்ற மட்டும் அம்மா விடவில்லை. நெல் அவிக்க அது வேண்டுமாம்.