எதிர்பாராதது யாருக்கு?

மூன்று வாரங்களுக்கு முன் என் ஆய்வேட்டின் நான்காம் இயலை ஆய்வுக்குழு ஏற்க மறுத்தது. உதவித்தொகைக் காலம் முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. இந்த இயலை ஒப்படைத்துவிட்டு ஆண்டு முடிவதற்குள் ஊர் திரும்பலாம் என்று கணக்கிட்டிருந்தேன். இப்போது குறைந்தது ஓராண்டு நீட்டிப்பு வேண்டும். விடுதி அறையையும் விரைவில் காலி செய்ய வேண்டும். புலம்புவதற்காக இதை எழுதவில்லை. குழுவில் ஒருவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. அதைத் தேடியபோது தெரியவந்ததை, என்னைப் போன்ற நிலையில் இருக்கும் ஆய்வு மாணவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

என் ஆய்வு, குஜராத்தின் கச்சு மாவட்டத்தில் அஜ்ரக் துணி அச்சிடும் கத்ரி சமூகத்தைப் பற்றியது. பதினாறாம் நூற்றாண்டில் கச்சு அரசரின் அழைப்பை ஏற்றுச் சிந்துப் பகுதியிலிருந்து வந்து, ஆற்றோரமாக இருந்த தமட்காவில் குடியேறியதாக அவர்களுடைய மரபு சொல்கிறது. அஜ்ரக் என்பது அச்சுக்கட்டையின் கலை மட்டுமன்று. பெரும்பகுதி தண்ணீரின் கலை. துணியை ஆமணக்கு எண்ணெயும் ஒட்டகச் சாணமும் கலந்த கரைசலில் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, சுண்ணாம்பும் கோந்தும் கொண்டு கோடுகள் பதித்து, பழைய இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த கலவையால் கறுப்பை அச்சிட்டு, படிகாரத்தால் சிவப்புக்கு இடம் ஒதுக்கி, அவுரியில் முக்கி, இடையிடையே அலசி உலர்த்தி, இறுதியில் சாயக் கொப்பரையில் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு மலரும். அலசும் நீரில் இரும்பு மிகுந்திருந்தாலோ அந்தச் சிவப்பு மங்கிப் பழுப்பேறிவிடும். கறுப்பைத் தரும் அதே இரும்புதான் சிவப்பைக் கெடுப்பதும்.

2001 சனவரி 26 காலை கச்சில் நிலம் நடுங்கியது. பல்லாயிரம் பேர் மாண்டனர். தமட்காவில் வீடுகளும் பட்டறைகளும் விழுந்தன. எஞ்சியோர் மீண்டும் தொழிலைத் தொடங்கியபோது நிலத்தடி நீரின் தன்மையே மாறியிருந்தது; இரும்பு கூடிவிட்டது. பல குடும்பங்கள் சேர்ந்து பூஜ் நகருக்கு அருகே நிலம் வாங்கிப் புதிய ஊர் ஒன்றை உருவாக்கின. அதற்குத் தங்கள் துணியின் பெயரையே இட்டு அஜ்ரக்பூர் என்றழைத்தனர். 1970களில் முகம்மது சித்திக் கத்ரி மீட்டெடுத்துத் தம் மக்களுக்குக் கற்பித்த இயற்கைச் சாயமுறை அங்கே தழைத்தது. அவருடைய மகன் இஸ்மாயில் முகம்மது கத்ரிக்கு பிரிட்டனின் டி மான்ட்ஃபர்ட் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 2024இல் கச்சு அஜ்ரக் புவிசார் குறியீடு பெற்றது.

இதை நான் ஒரு மீட்சிக் கதையாக எழுதியிருந்தேன். எதிர்பாராத பேரிடர், கைவிடாத மக்கள், புதிய ஊர். என் நான்காம் இயலின் சாரம் அவ்வளவே. குழுவில் மூத்த பேராசிரியர் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: “மீண்டவர்களிடம் மட்டும் பேசிவிட்டு மீள்திறனுக்கு இலக்கணம் எழுதியிருக்கிறீர்கள். மீளாதவர்கள் எங்கே?”

தமட்காவிலேயே தங்கிவிட்டவர்களையும், தொழிலை விட்டவர்களையும், கூலிக்கு அச்சிட்டவர்களையும் நான் போதிய அளவு தேடவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கேள்வி என்னைச் சுட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. மீளாத ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார்.

என் அப்பா திருப்பூரில் சிறிய சாயப்பட்டறை ஒன்றை நடத்தியவர். 2011 சனவரி இறுதியில், கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன, எங்களுடையதும் நின்றது. அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். வங்கிக் கடன் நின்றது, வட்டி நிற்கவில்லை. இயந்திரங்கள் பழைய இரும்பின் விலைக்குப் போயின. பின்னாளில் உரிய தொழில்நுட்பத்துடன் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தபோது அப்பாவிடம் முதலும் இல்லை, மனமும் இல்லை. இன்று ஒரு நூல் குடோனில் கணக்கெழுதுகிறார். எங்கள் வீட்டில் அந்த ஆண்டைக் குறிப்பிட்டால் ‘இடி விழுந்த வருசம்’ என்றுதான் சொல்வோம்.

குழுக்கூட்டம் முடிந்த இரவு அப்பாவை அழைத்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, “உங்களுக்கு இடி விழுந்த மாதிரி எனக்கும் விழுந்துடுச்சுப்பா” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“இடின்னு நாமதான் சொல்லிக்கிறோம் கண்ணு. 2006லயே கோர்ட்டு சொல்லிடுச்சு. 2009ல சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லுச்சு. அதுக்கும் முன்னாடியே உங்க அம்மிச்சி தோட்டத்துக் கெணத்துல தண்ணி உப்பாகி, தென்னை மட்டை காஞ்சு தொங்குச்சு. நொய்யல்ல நாங்க விட்ட தண்ணி அங்கதான போச்சு? எனக்குத் தெரியாதா? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்கு கட்டுறதா, புது மெஷின் வாங்குறதான்னு ஒரு நாள் கேள்வி வந்துச்சு. நான் மெஷின் வாங்கினேன்.”

பதினைந்து ஆண்டுகளில் அவர் இதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அம்மிச்சியும் சொன்னதில்லை. மருமகனின் பட்டறை தன் கிணற்றைக் கெடுக்கிறது என்று அவர் எந்த வாயால் சொல்வார்? எங்களுக்கு 2011இல் விழுந்த இடி, ஆற்றின் கீழ்ப்புறத்தில் அதற்கு நெடுங்காலம் முன்பே விழுந்துவிட்டது. நாங்கள் ‘எதிர்பாராதது’ என்று பெயரிட்டதை ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து உழவர்கள் நாள்தோறும் கண்டுகொண்டிருந்தனர். எதிர்பாராதது என்ற சொல்லைக் கேட்டால் இனி ‘யாருக்கு?’ என்றும் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் கச்சுக் களக்குறிப்புகளை முதலிலிருந்து படித்தேன். இரண்டாம் ஆண்டுக் குறிப்பேட்டில், தமட்காவில் பிறந்து அஜ்ரக்பூருக்கு வந்த முதியவர் ஒருவர் சொன்ன ஒரு வரி இருந்தது. “நிலம் நடுங்கியது ஒரு நாள், பேட்டா. தண்ணீர் இறங்கியதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.” ஊரை ஒட்டி ஓடிய சாரண் ஆறு நிலநடுக்கத்திற்கு முன்பே வற்றியிருந்தது. இடம் மாற வேண்டியிருக்கும் என்ற பேச்சு அவர் வீட்டுத் திண்ணையில் முன்பே நடந்திருக்கிறது. என் கதைக்கு அந்த வரி பொருந்தவில்லை. அதனால் இயலில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

இரண்டு துன்பங்களையும் சமமாக்க நான் விரும்பவில்லை. நிலநடுக்கத்தின் நாளை எவராலும் அறிந்திருக்க முடியாது. அதில் இறந்தவர்களின் இழப்புக்கு எந்தப் பாடமும் ஈடாகாது. ஆனால் ஒவ்வொரு சரிவிலும் இரு பகுதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று, நாம் காண இயலாதது. மற்றொன்று, நாம் காண விரும்பாதது. முதலாவதுக்குக் கணிப்பு உதவாது. அது நிகழ்ந்தபின் யார் யாரோடு நிற்கிறார்கள் என்பதே உதவும். கத்ரி குடும்பங்கள் தண்ணீரைப் பற்றித் தமக்குள் பேசின, சேர்ந்து நிலம் வாங்கின. அவர்களுடைய தொழில் கட்டடத்தில் இல்லாமல் கைகளில் இருந்ததால் அது கூடவே நகர்ந்தது. அப்பாவின் தொழிலோ கடனில் வாங்கிய இயந்திரத்தில் இருந்தது. அவர் அறிந்திருந்ததை எவரிடமும் பேசவில்லை. கடனையும் தனியாகவே சுமந்தார். உறுதியில் அவர் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆகவே மீள்திறனைத் தனிமனித மனவலிமையாக அளக்கும் என் இயலின் அடிப்படையே பிழை. குழு மறுத்தது சரி.

என் நிலையையும் இதே அளவுகோலால் பார்த்தேன். இயல் மறுக்கப்படும் என்பதை நான் அறியேன். உதவித்தொகை முடியும் நாளோ, சேர்ந்த அன்றே கடிதத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பற்றி நெறியாளரிடமோ நண்பர்களிடமோ ஒருநாளும் வாய்திறக்கவில்லை. கேட்டால் குறைவாக நினைப்பார்கள் என்ற அச்சம். கடந்த வாரம்தான் துறையில் நால்வரிடம் கணக்கைத் திறந்து சொன்னேன். இருவர் என்னைவிட மோசமான நிலையில் இருந்தனர். இப்போது வாரம் ஒருமுறை கூடி ஒருவர் இயலை மற்றவர் படிக்கிறோம். எனக்கு ஒரு கல்லூரியில் பகுதிநேர வகுப்புகள் கிடைக்க அவர்களில் ஒருவரே வழிசெய்தார். பணம் போதாது, ஆனால் அறை வாடகைக்கு ஆகும்.

இந்தத் தோல்வி எனக்கு நன்மையாயிற்று என்று சொல்லமாட்டேன். ஓராண்டு போயிற்று, வீட்டுக்கு அனுப்பவேண்டிய பணமும் போயிற்று. ஆனால் இதைப் படிக்கும் ஆய்வு மாணவர் ஒருவர் தம் மேசையில் இருக்கும் அந்தக் கடிதத்தில் எழுதியுள்ள தேதியை இன்றிரவு யாரிடமாவது சொன்னால், இந்தப் பதிவு பயன்பட்டதாக எண்ணுவேன்.

மழை நின்றதும் தமட்காவுக்குச் செல்கிறேன், இம்முறை அங்கேயே தங்கிவிட்டவர்களைச் சந்திக்க. முன்னுரையில் திருப்பூரையும் எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

“எழுது கண்ணு. பேரு மட்டும் போடாத. மெஷின் வாங்குனதை விட்டுடாத” என்றார்.