அஸ்திவாரம் இல்லாத மின்நிலையம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவனுக்கு மின்நிலையம் என்றாலே உயரம்தான். அங்கே எரிக்கும் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம்; எரிவெப்பமும் குறைவு. அதனால் கொதிகலன் பெரிதாகவும் உயரமாகவும் எழும்பும். 1962-இல் 50 மெகாவாட் அலகோடு ஓடத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்திலும் இதுதான் கணக்கு. ஆனால் அந்த உயரத்தைத் தாங்க அங்கே தரை இருந்தது. கப்பலை மின்நிலையமாக மாற்றும்போது அது சாயாமல் நிற்குமா என்று சரிபார்க்கிற என் தொழிலில் அந்தத் தரை கிடையாது.

“இத்தனை டன் தாங்குமா?” என்றுதான் மின்துறைக்காரர்கள் முதலில் கேட்பார்கள். சரக்குக் கப்பல் தாங்கும், அதற்காகவே கட்டப்பட்டது. எந்த உயரத்தில் வைக்கப்போகிறீர்கள் என்பது என் கேள்வி. சரக்கு அடியறையில் கிடந்தது. எஞ்சினும் மின்மாற்றியும் புகைபோக்கியும் மேல்தளத்தில் ஏறுகின்றன.

அமெரிக்க ராணுவம் பழைய லிபர்ட்டி ரகச் சரக்குக் கப்பல் ஒன்றை ‘ஸ்டர்ஜிஸ்’ என்ற அணுமின் நிலையமாக மாற்றியது. சொந்த இயந்திரத்தைக் கழற்றி, நடு உடலையே வெட்டியெடுத்துப் புதிதாகப் பொருத்தினார்கள். 1968 முதல் 1970-களின் நடுப்பகுதி வரை பனாமாவின் காத்தூன் ஏரியில் 10 மெகாவாட் தந்தது. இப்படி மாறிய உடலுக்குப் பழைய நிலைப்புக் கணக்கு எதுவும் செல்லாது.

அதனால் சாய்வுச் சோதனையை நான் விட்டுக்கொடுப்பதில்லை. காற்று அடங்கிய நேரத்தில் கட்டுக்கயிறுகளைத் தளர்த்தி, தெரிந்த எடை ஒன்றை மேல்தளத்தின் குறுக்கே நகர்த்துவோம். சாய்வு கண்ணுக்குத் தெரியாது, ஊசல்தான் சொல்லும். அதன் குண்டு எண்ணெயில் மூழ்கியிருக்கும், ஆட்டம் சீக்கிரம் அடங்குவதற்காக. 10,000 டன் கப்பலில் 20 டன்னை 15 மீட்டர் நகர்த்த, 5 மீட்டர் ஊசல் 10 சென்டிமீட்டர் விலகினால் ஜி.எம். 1.5 மீட்டர். மெட்டாசென்டர், அதாவது சாய்ந்த கப்பலின் மிதப்பு விசைக்கோடு நடுக்கோட்டை வெட்டும் புள்ளி, ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருக்கும் உயரம் அது. சாய்ந்த கப்பல் நிமிர்வது அதன் தயவில். 500 டன் கருவிகளை இன்னும் 6 மீட்டர் மேலே வைத்தால் அதில் 30 சென்டிமீட்டர் போய்விடும்.

பலரும் கவனிக்காதது அரைகுறையாக நிரம்பிய எண்ணெய்த் தொட்டி. கப்பல் சாய்ந்தால் எண்ணெயும் அந்தப் பக்கம் ஓடும். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத் தொட்டி ஒன்று, அதே கப்பலில், ஜி.எம்.மில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டரைத் தின்றுவிடும். நடுவில் நெடுக ஒரு தடுப்பு வைத்தால் இழப்பு நாலில் ஒரு பங்கு. மிதக்கும் மின்நிலையம் நாளெல்லாம் எண்ணெயை எரிக்கிறது. அதன் தொட்டிகளில் ஏதாவது ஒன்று எப்போதும் அரைகுறைதான்.

துறைமுகத்தில் கட்டிக்கிடப்பதற்கு இவ்வளவும் வேண்டுமா என்பார்கள். அது ஒரே இடத்தில் கிடக்கும் என்று யார் சொன்னது? மங்களூரு தண்ணீர்பாவியில் 2001-இல் வந்த 220 மெகாவாட் மிதவை மின்நிலையம் பிறகு காக்கிநாடாவுக்குப் போனது. இழுத்துச் செல்லும் பயணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். கிடந்தாலும் புயல் தேடி வரும். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கரையேறியபோது, கடலைவிட்டு உள்ளே இருக்கும் எங்கள் ஊரிலேயே மரங்கள் வேரோடு சாய்ந்தன. எஞ்சின் கூடங்களும் புகைபோக்கிகளும் அந்தக் காற்றுக்குப் பெரிய சுவர். அடியில் கிடக்கும் எண்ணெய் தீரத் தீரக் கப்பலின் ஈர்ப்பு மையமும் மேலேறும். ஆகவே எரிபொருள் 10 சதவீதம் மட்டும் மிஞ்சிய நிலையில், முழுப் பக்கவாட்டுக் காற்றையும் சேர்த்துப் போட்ட கணக்கைப் பார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை.