எலும்பு கூடின பிறகுதான் வைத்தியம்

போன ஐப்பசிக் காற்றில் பம்புசெட் ரூம் இரும்புக் கதவு படார்னு சாத்தினதுல என் வலது கை மாட்டிக்கிச்சு. மோதிர விரல், சுண்டு விரல் ரெண்டுக்கும் கீழே, கைக்குள்ள இருக்கிற நீள எலும்புகள் முறிஞ்சுபோச்சு. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரு கைக்கு 27 எலும்பாம். ரெண்டு போனதுக்கே என் பிழைப்பு நின்னுபோச்சு.

புத்தூர் கட்டு போட்டா போதும்னு ஊர்ல சொன்னாங்க. ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்ததோட விடல. விரல்களை மெதுவா மடக்கச் சொன்னார். சுண்டு விரல் கோணிக்கிட்டு மோதிர விரல் மேல ஏறிச்சு. "எலும்பு முறுக்கிக்கிட்டு நிக்குது. இப்படியே கூடினா மண்வெட்டி பிடிக்க முடியாதுங்க" என்றார்.

கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, திரையில பார்த்துக்கிட்டே எலும்பை நேராக்கி, கம்பி செருகினாங்க. சைக்கிள் போக்ஸ் கம்பியைவிட மெல்லிசு. நாலு வாரம் கழிச்சு அதை உருவி எடுத்தப்போ எலும்பு கூடியிருந்துச்சு. ஆனா விரல் மடங்கலை!

பிசியோதெரபி பண்ற பொண்ணு விளக்கம் சொல்லுச்சு. விரலை இழுக்கிற தசைநாண்கள் எலும்பை ஒட்டியே ஓடுதாம். அடிபட்ட இடம் ஆறும்போது அதுவும் சேர்ந்து ஒட்டிக்கும். தினமும் ஓட விட்டாத்தான் விலகும். வெதுவெதுப்பான தண்ணியில கையை வச்சு, முதல்ல விரல் நுனிகளை மட்டும் கொக்கி மாதிரி மடக்கணும், அப்புறம் முழுசா. வீக்கம் இருந்தா கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்கணும்.

பிடிக்குப் பலம் தர்றதுல இந்தக் கடைசி ரெண்டு விரலுக்குப் பெரிய பங்கு உண்டு. பால் கறக்கும்போது ஆள்காட்டி விரல்ல ஆரம்பிச்ச அழுத்தம் சுண்டு விரல் வரை வரிசையா இறங்கணும். அது இறங்கலை. வீட்டுக்காரம்மா ஒருத்தியால மூணு மாட்டையும் கறக்க முடியாம, தையில ஒண்ணை வித்துட்டோம்.

இப்போ வைகாசி. மீதி ரெண்டையும் நானே கறக்கிறேன். சுண்டு விரல் உள்ளங்கையைத் தொட இன்னும் ஒரு நெல்மணி அளவு இடைவெளி இருக்கு. கையில ஆபரேஷன்னா, எந்தெந்த விரலை எப்போலேர்ந்து அசைக்கலாம்னு டாக்டர்கிட்ட அன்னைக்கே கேட்டு வச்சுக்குங்க. அசைக்கச் சொன்னா, வலிக்குதேன்னு விட்டுடாதீங்க.