விதானத்தில் விரிந்த வரலாறு

தில்லை என்றதும் பொன் வேய்ந்த கூரையும் நான்கு பெருங்கோபுரங்களுமே நம் நினைவிற்கு வரும். அக்கோயிலினுள் சிவகாமசுந்தரி சந்நிதியின் முன்மண்டப விதானத்தில் பேரோவியம் ஒன்று பரந்து கிடப்பதை அண்ணாந்து நோக்குவோர் சிலரே. அதனைக் காணும் பொருட்டு, இரு குடும்பத்தாரும் தமிழாசிரியரான நண்பரும் பிள்ளைகளுமாக நாங்கள் கடலூரில் இரயிலேறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பறங்கிப்பேட்டை கடந்து, வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிச் சிதம்பரம் சேர்ந்தோம்.

சிவகங்கைக் குளத்திற்கு மேற்கே உள்ளது அச்சந்நிதி. நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், தீட்டப்பெற்ற சித்திரங்கள் இவை. நின்ற இடத்திலிருந்தே முழுவதையும் கண்டுவிட இயலாது. நூலைப் படிப்பதுபோல, நடந்து நடந்தே பார்த்தல் வேண்டும். ஒருபுறம் பிச்சாடனரும் மோகினியும். மற்றொருபுறம் மாணிக்கவாசகரின் வாழ்க்கை.

குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னைத் திருப்பணிக்குச் செலவிட்ட அமைச்சரின் கதையை நண்பர் விளக்கினார். வையைக் கரையை அடைக்க, பிட்டைக் கூலியாகப் பெற்று இறைவனே மண் சுமந்ததையும், அரசன் அடித்த பிரம்படி எல்லா உயிர்மேலும் விழுந்ததையும் கேட்ட சிறுவன், “கடவுள் கூலிவேலை செய்வாரா?” என்று வினவினான். “நாசரேத்தூர்த் தச்சுப்பட்டறையை நினைத்துப்பார், தம்பி” என்றார் அவன் அன்னை. அந்த மாணிக்கவாசகரின் திருவாசகத்தை 1900இல், தமது 80ஆம் வயதில், ஆங்கிலத்தில் வெளியிட்டவர் ஜி.யு. போப் என்னும் கிறிஸ்தவத் தொண்டரன்றோ!

ஆயினும் எங்கள் மகிழ்வில் துயரமும் கலந்திருந்தது. பல இடங்களில் வண்ணம் மங்கியிருந்தது. சில இடங்களில் காரையே உதிர்ந்திருந்தது. மழைநீர்க் கசிவும் விளக்குப் புகையும் பழஞ்சித்திரங்களுக்குப் பெரும் பகைவர். உரோமையிலும் இதே நிலைதான். மைக்கேல் ஆஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் தீட்டிய ஓவியங்களை மெழுகுவர்த்திப் புகையே மறைத்திருந்தது. 1980இல் தொடங்கிய தூய்மைப் பணிக்குப் பின்னரே பழைய வண்ணங்கள் ஒளிர்ந்தன. பக்தியோடு ஏற்றும் விளக்கும், கவனமில்லையேல், முன்னோர் கைவண்ணத்தை மறைத்துவிடும்.

ஓவியத்தைப் புதுப்பித்தல் வல்லுநர் கடமை. அதன் கதையைக் காத்தல் பெற்றோர் கடமை. கதை தெரியாத பிள்ளைக்கு அது வெறும் கறைபடிந்த கூரையே. நண்பகலில் நடை சாத்துவர். ஆதலின் காலையிலேயே செல்லுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். விரைந்து கடவாமல், அண்ணாந்து பார்த்து ஒவ்வொரு காட்சியாக எடுத்துரையுங்கள்.