நடுக்கம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கதைகளில் எத்தனையோ பேரைக் கார் ஓட்ட வைத்திருக்கிறேன். ஒருவனைப் புளியமரத்தில் மோதவும் வைத்திருக்கிறேன். ஆனால் நானாக ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு பர்லாங் தூரம் போனதில்லை. இந்த விஷயத்தில் என் யோக்கியதை இவ்வளவுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா பெண் 2023 ஜூன் மாதம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாக இருக்கும். அதில் ஏறுவது என்று சொல்வதைவிட இறங்குவது என்று சொல்வதே பொருந்தும். பதினாறு வருஷம் உழைத்துச் சேர்த்த பணம். "நிலம் வாங்கிப் போட்டிருக்கலாம்" என்று அக்கா ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பத்தாம் நாள் பெண் என்னிடம் வந்தாள். "மாமா, வேகத்திலே ஸ்டியரிங் நடுங்குது. பிரேக் போட்டாலும் நடுங்குது" என்றாள். மறுநாள் பெங்களூர் சாலையில் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். என் இருக்கையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிரேக் போட்டபோது ஏதோ லேசாக அதிர்ந்தது. அந்தப் பழியைச் சாலையின் மேல் போட்டேன். "புது வண்டி, பழகணும். நீ பயத்திலே இறுக்கிப் பிடிக்கிறாயோ என்னவோ!" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை.

வண்டி வாங்கிய இடத்துக்கே போனோம். துணைக்கு என்னையும் அழைத்திருந்தாள். அங்கே இருந்த இளைஞர் கண்ணியமானவர். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். அவர்களுடைய டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு பின்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தத் தெருவில் நாற்பதுக்கு மேல் போக முடியாது. பிரேக் உதைப்பதைப் பற்றிக் கேட்டதற்கு, "அது ஏ.பி.எஸ். சார், அப்படித்தான் இருக்கும். மேடத்துகிட்ட ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கச் சொல்லுங்க" என்றார். நான் முதல் நாள் சொன்ன அதே வார்த்தை! எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திரும்பும்போது அவள் சொன்னாள்: "நடுக்கத்துக்குப் பயந்து பிரேக்கை அரைகுறையா மிதிக்கப் பழகிட்டேன், மாமா. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

அப்புறம் அவள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். ஒவ்வொரு நாளும் எழுதினாள். எண்பது கிலோமீட்டர் வேகம் வரை ஒன்றும் இல்லை. தொண்ணூறில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்குகிறது, நூறில் உச்சம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் நிற்பதில்லை. வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் முடுக்கினால் நடுக்கம் இல்லை. அப்படியானால் எஞ்சின் குற்றவாளி அல்ல. பிரேக் போடும்போது மட்டும் அறுபதிலேயே உதைக்கிறது. வேகம் குறையக் குறைய உதைப்பும் நிதானப்படுகிறது. ஏ.பி.எஸ். என்பது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கப் போகும் தறுவாயில் வேலை செய்வது. உலர்ந்த சாலையில் மெதுவாக மிதிக்கும்போது அதற்கு என்ன வேலை?

யாரோ சொல்லி, நகரின் ஒரு கோடியில் தகரக் கொட்டகை போட்டிருந்த ஒரு பெரியவரிடம் போனோம். சோழவரத்துப் பழைய விமானத் திடலில் மோட்டார்ப் பந்தயம் நடந்த காலத்தில் எடுபிடிப் பையனாக இருந்தவராம். பந்தயத்துக்கென்று 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்துவிட்டது. அவர் கொட்டகையோடு நின்றுவிட்டார். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எப்பம்மா நடுங்குது? ஓடறப்பவா, நிக்கப் போறப்பவா?" என்று அவளைக் கேட்டார். அவள் நோட்டை நீட்டினாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

"இது ஒரு வியாதி இல்லேம்மா, ரெண்டு" என்றார்.

நான்கு சக்கரமும் ஒரே அளவாக இருந்ததால் முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றி மாட்டினார். "இப்பப் போய் ஓட்டிப் பாரு. சாரும் போகட்டும்" என்றார்.

தொண்ணூறைத் தொட்டோம். ஸ்டியரிங் அசையாமல் நின்றது. ஆனால் என் முதுகில் யாரோ தவில் வாசிக்கத் தொடங்கினார்கள். நூறில் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. "போதும், போதும், மெதுவாப் போ!" என்று கத்திவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "இதுதான் மாமா இத்தனை நாளா என் கையிலே இருந்தது" என்றாள்.

பிரேக் போட்டபோது மட்டும் உதைப்பு பழையபடி முன்னாலேயே இருந்தது. சக்கரத்தோடு பின்னால் போனது ஒரு வியாதி. போகாமல் முன்னாலேயே தங்கியது இன்னொன்று.

முதலாவது எளிது. ஒரு சக்கரத்தின் உட்புறம் ஒட்டியிருக்க வேண்டிய ஈயவில்லை உதிர்ந்துபோய்ப் பசைத் தழும்பு மட்டும் இருந்தது. இயந்திரத்தில் சுழற்றியபோது நாற்பது கிராம் குறைவு காட்டியது. டயரின் பக்கத்தில் 1422 என்ற எண்ணைப் பெரியவர் காட்டினார்: 2022ஆம் வருஷத்துப் பதினாலாவது வாரம் பிறந்த டயர். வண்டியின் தகட்டில் இருந்த மாதமும் அதை ஒட்டியே இருந்தது. புதுப் பெண் என்று நாங்கள் அழைத்து வந்தவள், ஒரு வருஷம் ஏதோ மைதானத்தில் நின்றிருக்கிறாள்!

இரண்டாவது வியாதியின் வேரும் அதுதான் என்றார். நெடுநாள் ஈரத்தில் நின்றால் பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும். பட்டை கவ்வியிருக்கும் இடம் ஒரு மாதிரியும் மற்ற இடம் வேறு மாதிரியும் ஆகிவிடும். பிறகு ஓட்டும்போது தேய்மானம் ஒரே சீராக இருக்காது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, பருமன்தான் மாறுகிறது. மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்தார். வித்தியாசம் 0.03 மில்லிமீட்டர். தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தடித்த இடம் பட்டையைப் பின்னே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் எண்ணெய் வழியாகக் காலுக்கும் அச்சு வழியாகக் கைக்கும் வந்து சேர்கிறது.

எட்டு அளவுகளையும் நோட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அவள் தனியாகவே போனாள். இரண்டு டிஸ்குகளையும் பட்டைகளையும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். ரசீதில், 'வாடிக்கையாளரின் திருப்திக்காக மாற்றப்பட்டது' என்று எழுதியிருந்தது. குறை இருந்தது என்று எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை.

புது டிஸ்குக்குப் பெரியவர் பத்தியம் சொன்னார். ஆளில்லாத சாலையில் அறுபதிலிருந்து பதினைந்து வரை பிரேக் போட்டுக் குறைக்க வேண்டும்; முழுக்க நிறுத்தக் கூடாது; சற்று ஆறவிட்டு மறுபடி, இப்படிப் பத்துத் தடவை. சூடான பிரேக்கை மிதித்தபடி நிற்கக் கூடாது. சக்கர நட்டுகளை எதிரும் புதிருமாக, அளவு காட்டும் ரென்ச்சால் ஒரே சீராக முடுக்க வேண்டும்.

போன வாரம் மறுபடி அவளோடு போனேன். நூறில் ஓடிக்கொண்டிருந்த வண்டி. எதிரே ஓர் எருமை குறுக்கே இறங்கியது. அவள் முழுக்கால் வைத்து மிதித்தாள். வண்டி நேர்கோட்டில் நின்றது. எருமை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

அன்று கொட்டகை வாசலிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாய்விட்டுக் கேட்டேனா என்பது நினைவில்லை. நான் எழுதுவதை அவள் தவறாமல் படிப்பாள்.